வாசல் வெளிச்சத்துக்கு வராத சேலை: ஆரணிப் பட்டும் பீரோவில் தூங்கும் பழைய கேமராவும்

பட்டுச் சேலை எடுக்கப் போன குடும்பத்தில் இந்தக் காட்சி இல்லாமல் இருக்காது. பாயில் இருபது சேலைகளை விரித்துப் போட்டாகிவிட்டது. மணப்பெண்ணுக்கு ஒன்று பிடித்தும்விட்டது. அத்தை மட்டும் அந்தச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். "இருங்க தம்பி, வாசல்ல வெச்சு ஒரு தடவை பார்த்துடறேன்." கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ட்யூப்லைட்டில் தெரிகிற அரக்கு வேறு, பகல் வெளிச்சத்தில் தெரிகிற அரக்கு வேறு என்பது அவருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அந்த வாசல் கிடையாது.

ஆரணியின் நெசவு வீடுகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் இன்றைய தலைவலி அதுதான். வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர் இது. அரிசிக்கும் பெயர் உண்டு, பட்டுக்கும் பெயர் உண்டு. ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனாலும் காஞ்சிபுரம் என்ற பெரிய பெயரின் நிழலில் கொஞ்சம் மறைந்தே நிற்கிற ஊர். கடைவீதிக்கு வெளியூர்க்காரர்கள் வருவதைக் காத்திருந்த காலம் போய், தறியிலிருந்து இறக்கிய சேலையைப் போனில் படம் பிடித்து, கோவைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடியாக அனுப்பலாம் என்ற வழி திறந்தது இங்குள்ளவர்களுக்குப் பெரிய விஷயம்.

படம் போகிறது. பணம் வருகிறது. பார்சல் போகிறது. நான்காம் நாள் ஒரு மெசேஜ் வருகிறது: "அண்ணா, போட்டோல பார்த்த கலர் இது இல்லையே?"

அனுப்பியவர் ஏமாற்றவில்லை. வாங்கியவரும் வீம்புக்குச் சொல்லவில்லை. நடுவில் இருந்த போன் கேமரா, யாரும் கேட்காமலே ஒரு முடிவை எடுத்துவிட்டது.

ஒரு சேலை திரும்பி வந்தால் என்ன நஷ்டம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் கூரியர் செலவு மட்டும்தான் தெரியும். டிசைனைப் பொறுத்து ஒரு பட்டுச் சேலை தறியில் சில நாள்களோ சில வாரங்களோ எடுத்துக்கொள்கிறது. அத்தனை நாள் கூலியும் பட்டு நூலும் ஜரிகையும் அந்த ஒரு மடிப்புக்குள் முடங்கிக் கிடக்கின்றன. பிரித்து மடித்த சேலையில் புதுத் தழும்பு விழுந்திருக்கும். வைகாசி முகூர்த்தத்துக்குப் போன சேலை திரும்பி வரும்போது ஆனி பாதி கடந்திருக்கும். அடுத்த பாவுக்கு நூல் வாங்க வைத்திருந்த கணக்கு அங்கேயே இடிக்கும். சட்டமும் வாங்குகிறவர் பக்கம்தான் நிற்கிறது: விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். அது நியாயமும்கூட.

இதற்கு விடை லட்ச ரூபாய் கேமராவில் இல்லை. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு காதுகுத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் வாங்கி, இப்போது பீரோவில் பழைய பத்திரங்களுக்கு அடியில் தூங்குகிற சின்ன டிஜிட்டல் கேமராவிலேயே இருக்கலாம். ஒரே நிபந்தனை, அதில் கையால் செட் செய்யும் வசதி இருக்க வேண்டும்.

போன் என்ன செய்கிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சிவப்புத் துணியை விரித்து, திரை முழுக்க அந்தச் சிவப்பு மட்டும் வருகிற மாதிரி போனில் ஒரு படம் எடுங்கள். அடுத்து அதே துணியின் பாதியை ஒரு வெள்ளைத் துண்டால் மூடி இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு சிவப்பும் ஒன்றாக இருக்காது.

வீடியோ காலில் சேலை காட்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். உடலைக் காட்டும்போது ஒரு பச்சை, முந்தியை விரித்ததும் வேறு பச்சை, நடுவில் யாரோ வெள்ளைச் சட்டையோடு குறுக்கே போனால் மூன்றாவதாக ஒரு பச்சை. எதிர்முனையில் இருப்பவர், "இது அதே சேலைதானா?" என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

காரணம் எளிது. மனிதக் கண் எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகவே பார்க்கப் பழகியது. மஞ்சள் பல்பின் கீழ் வேட்டி மஞ்சளாகத் தெரிவதில்லை, மூளை அதைச் சரிசெய்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் முன்னால் இருக்கும் காட்சியைப் பார்த்து, 'வெளிச்சம் என்ன நிறமாக இருக்கும்' என்று ஊகித்துக் கலரைத் திருத்துகிறது. இதற்குப் பெயர் வொயிட் பேலன்ஸ். பல நிறங்கள் கலந்திருக்கும் காட்சியில் இந்த ஊகம் பரவாயில்லை. திரை முழுக்க ஒரே அரக்கு நிரம்பியிருந்தால் கேமரா குழம்புகிறது. 'வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது போலும்' என்று எண்ணிச் சிவப்பைக் குறைக்கிறது. அரக்கு செத்துப்போய் பழுப்பாகிவிடுகிறது.

வெளிச்ச அளவிலும் இதே கதைதான். ஆட்டோவில் விட்டால், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவருவது கேமராவின் வழக்கம். சந்தனக் கலர் சேலை அழுக்கேறின மாதிரி மங்கும். கறுப்புப் பட்டு வெளுத்துப்போகும். இன்றைய போன்கள் இதற்கு மேலும் ஒரு படி போகின்றன. ஒரு தடவை தொட்டால் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து, நிழலைத் தூக்கி, பளபளப்பை அடக்கி, கலரைக் கொஞ்சம் கூட்டித் தருகின்றன. பேரக்குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு அது அழகு. விற்பனைச் சேலைக்கு ஆபத்து. ஏனென்றால் பட்டின் உயிரே அந்த நிழலும் பளபளப்பும்தான்.

பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர்

பருத்தியைவிடப் பட்டைப் படம் பிடிப்பது ஏன் கஷ்டம்? பட்டு இழை கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதிலும் பாவு ஒரு நிறத்திலும் ஊடை ஒரு நிறத்திலும் ஓடுகிற டபுள் ஷேட் சேலை என்றால் கேட்கவே வேண்டாம். நீலப் பாவில் பச்சை ஊடை விழுந்தால் மயில் கழுத்து. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், மடிப்பில் சாய்த்துப் பார்த்தால் ஒரு நிறம். கட்டிக்கொண்டு நடக்கும்போது இரண்டும் மாறி மாறி வரும். இதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆட்டோ கேமரா இரண்டு நிறங்களுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

தமிழ்நாட்டுப் பட்டுக் கடைகளில் கலருக்குச் சொல்லும் பெயர்களைக் கேட்டாலே இந்த விஷயம் எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். வாடாமல்லி வேறு, ராணி பிங்க் வேறு. வெங்காயத் தோல், கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ராமர் பச்சை, ஆனந்தா ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்ற பெயரே நிலைத்துவிட்டது. எம்.எஸ். ப்ளூ என்று ஆர்டர் கொடுத்தவருக்குச் சாதாரண நேவி ப்ளூ வந்தால் மனம் ஒப்புமா?

இவற்றில் வாடாமல்லியும் ராணி பிங்கும் கேமராவுக்குக் கொஞ்சம் கூடுதல் எதிரிகள். சிவப்பு அளவு உச்சம் தொட்டு வழிந்துவிடும். சேலையின் நெசவே தெரியாமல் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே திட்டாக வரும். புட்டாவின் ஓரங்கள் கரைந்துபோகும். மயில் கழுத்துப் பச்சைநீலத்துக்கு வேறு சிக்கல். போன், கம்ப்யூட்டர் திரைகளுக்காக 1996இல் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லைக்குள் அடர்த்தியான பச்சைநீலங்கள் முழுசாக அடங்குவதே இல்லை. அந்த இடத்தில் எந்த கேமராவும் ஓரளவுக்குத்தான் நெருங்க முடியும்.

ஜரிகையும் சும்மா இருக்காது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிரதிபலிக்கும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து படம் எடுத்தால் பார்டரில் நீலம் தெரியும். ஃப்ளாஷ் அடித்தாலோ தங்கம் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.

இன்னொரு தொல்லை, சின்னக் கட்டம் போட்ட சேலைகளில் வருவது. நேரில் இல்லாத வளைவு வளைவான கோடுகள் படத்தில் ஓடும். இதைத் துணியின் குறை என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. உண்மையில் இது இரண்டு கட்டங்களின் மோதல். கேமராவின் சென்சார் மேலேயும் ஒரு கட்டம் இருக்கிறது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். பல கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம் போட்ட துணி என்றே சொல்லலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும், மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போடும். சேலையின் கட்டமும் சென்சாரின் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அந்த வளைகோடுகள் பிறக்கின்றன. அரை அடி தள்ளி நின்றாலோ, ஜூமைக் கொஞ்சம் மாற்றினாலோ பெரும்பாலும் போய்விடும்.

ஆட்டைத் துளைகளை வைத்து டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேல் தொங்கும் வீட்டில், இந்தக் கட்டக் கணக்கு யாருக்கும் விளங்காத விஷயமல்ல. துளை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் ஒன்று என்ற அந்த அட்டை முறையிலிருந்துதான் கணினியின் பழைய கதை தொடங்குகிறது.

பீரோவைத் திறந்து பாருங்கள்

2010ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனங்கள் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி சட்டைப் பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராக்கள். போனில் நல்ல கேமரா வந்ததும் அந்தச் சந்தை அப்படியே சரிந்தது. 2023இல் எல்லா வகைக் கேமராக்களும் சேர்ந்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. அத்தனை கோடிக் கேமராக்களும் எங்கே போயின? நிறைய பீரோக்களில்தான் இருக்கின்றன.

ஆனால் எல்லாப் பழைய கேமராவும் இந்த வேலைக்கு ஆகாது. மேலே உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அதில் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா? கூடவே ஏ, எஸ் என்றோ, கேனன் என்றால் ஏ.வி., டி.வி. என்றோ இருக்கும். இருந்தால் துவாரம், ஷட்டர் வேகம் இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். வெறும் பச்சைக் கட்டமும் பூ, மலை, ஓடுகிற மனிதர் படங்களும் மட்டும் இருந்தால் அது முழு ஆட்டோ. அதையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். மெனுவில் 'கஸ்டம் வொயிட் பேலன்ஸ்', 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

2006இல் வந்த கேனன் பவர்ஷாட் ஏ640, 2008இல் வந்த ஏ590 ஐ.எஸ். போன்றவற்றில் முழு மேனுவல் வசதி உண்டு, கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியிலேயே ஓடும். பேட்டரி கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம் என்பது பழைய கேமராவில் பெரிய நிம்மதி. 2008இன் பானசோனிக் லூமிக்ஸ் எல்.எக்ஸ்.3, லென்ஸைச் சுற்றி ஒரு வளையத்தையே கட்டுப்பாடாகக் கொண்டுவந்த 2009இன் கேனன் எஸ்90 ஆகியவை அந்தக் காலத்தில் போட்டோகிராபர்களே இரண்டாவது கேமராவாக வைத்துக்கொண்டவை. 2012இல் சோனி ஆர்.எக்ஸ்.100 வந்தபோது, சுமார் 240 கிராம் எடையில் '1 இன்ச்' சென்சார் கிடைத்தது. அந்தச் சென்சாரின் நிஜ அளவு 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர்தான். இன்ச் என்பது பழைய டி.வி. கேமராக் குழாய்க் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டுக்கு இன்ச் கணக்கு வேறு, கேமராவுக்கு வேறு.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாகிராம் தலைமுறைக்குப் பழைய 'டிஜிகேம்' மேல் திடீர் காதல் வந்திருப்பதால், விலை ஏறியிருக்கிறது. லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளை நூலாம்படை மாதிரி பூஞ்சை தெரிகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். 10 மெகாபிக்சல் போன் திரைக்குத் தாராளம்.

திண்ணையில் ஒரு காலை

முதல் வேலை, ட்யூப்லைட்டையும் எல்.இ.டி. பல்பையும் அணைப்பது. ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் சேலையின் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் வரும். அதை எந்த கேமராவாலும் சரிசெய்ய முடியாது. மலிவான எல்.இ.டி. பல்புகளில் பலவற்றுக்கு அடர் சிவப்பைக் காட்டும் திறனும் குறைவு, அரக்குக்கு அது எமன். நேர் வெயிலும் வேண்டாம். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற திண்ணையோ முற்றமோ போதும். பெரிய கடைகளின் ஸ்டுடியோ லைட்டுக்கு இது குறைந்ததில்லை.

சேலையை விரித்த இடத்திலேயே ஒரு சாம்பல் அட்டையை வைத்து, கேமராவின் கஸ்டம் வொயிட் பேலன்ஸை அதில் எடுத்துக்கொள்ள வேண்டும். 18 சதவீதச் சாம்பல் அட்டை என்று போட்டோ பொருள்கள் விற்கும் இடத்தில் கேட்டால் தெரியும். அவசரத்துக்கு வெள்ளைத் தாள் உதவும். வேட்டி மட்டும் வேண்டாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டி கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு லேசான நீலம். அதை வெள்ளை என்று நம்பினால் சேலை எல்லாம் மஞ்சள் பூத்துவிடும்.

அடுத்தது வெளிச்ச அளவு. மேனுவலின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. அதே சாம்பல் அட்டையை அளந்து, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 4 அல்லது 5.6 என வைத்து, அதற்கு ஏற்ற ஷட்டர் வேகத்தைப் பொருத்திவிட்டால், வெளிச்சம் மாறாதவரை எதையும் தொட வேண்டியதில்லை. சந்தனச் சேலைக்கும் அதே அளவு, கறுப்புச் சேலைக்கும் அதே அளவு. கேமரா இனி சேலையைப் பார்த்து முடிவை மாற்றாது. சந்தனம் வெளிச்சமாகவும் கறுப்பு கறுப்பாகவும் வரும். மேகம் மூடினால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும். ஜரிகை அதிகமாக வழிந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைக்கலாம். வாடாமல்லி, ராணி பிங்க் சேலைகளுக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து இன்னொரு படம் எடுத்து வைப்பது நல்லது.

முழு ஆட்டோ கேமராவில் எம் இல்லையென்றால் காம்பன்சேஷனைப் பயன்படுத்துங்கள். வெளிர் நிறத்துக்கு ப்ளஸ் 1 வரை, அடர் நிறத்துக்கு மைனஸ் 1 வரை. 'கறுப்பாக இருக்கிறதே, வெளிச்சத்தைக் கூட்டுவோம்' என்றுதான் மனம் சொல்லும். அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்.

போனின் முக்கிய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். சேலையை முழுக்கப் பிடிக்கக் கிட்டே போனால் பார்டர் வெளியே சாய்ந்து, ஓரத்துப் புட்டா இழுத்துவிட்ட மாதிரி தெரியும். காம்பாக்டில் ஜூமைப் பாதிக்கு மேல் இழுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கரை நேராக வரும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஒரு ஸ்டூல், அதன்மேல் அரிசிப் பை. இரண்டு விநாடி டைமர் போட்டால் கை ஆடாது.

இரவில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடியில் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். வேறு வேகத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். ஆனால் இரவில் எடுத்த படத்தை விற்பனைக்கு அனுப்பாமல் இருப்பதே உத்தமம்.

டபுள் ஷேட் சேலைக்கு ஒரு படம் போதாது. நேராக ஒன்று, மடிப்பை ஜன்னல் பக்கம் சாய்த்து ஒன்று. கூடவே எழுத்தில் ஒரு வரி: 'பாவு நீலம், ஊடை பச்சை'. எந்த கேமராவும் சொல்ல முடியாத தகவல் அது. நெய்தவருக்குத் தெரிந்ததை அப்படியே எழுத வேண்டியதுதான். வெளியூர்ப் பெரிய கடைகளால் அவ்வளவு எளிதில் போட முடியாத வரி.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. கேமராவின் பின்திரையை நம்ப வேண்டாம். படத்தை வைஃபை வழியாகவோ, ஓ.டி.ஜி. கார்டு ரீடர் வழியாகவோ போனுக்கு மாற்றி, அதே திண்ணையில், சேலைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துப் பாருங்கள். வாங்குகிறவர் பார்க்கப் போவதும் ஒரு போன் திரையில்தானே. ஒத்துப்போனால் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் படம் சுருங்கிவிடும். 2023இல் வந்த ஹெச்.டி. வசதியைத் தட்டுங்கள், அல்லது 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். ஜரிகையின் நெசவு தெரியும்.

போனே போதாதா?

நியாயமான கேள்வி. பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ' மோடு இருக்கிறது. அதில் வொயிட் பேலன்ஸும் ஷட்டரும் ஐ.எஸ்.ஓ.வும் கைக்கு வரும். அப்படி ஒரு போன் வைத்திருப்பவர்கள், புதிதாக எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் அதில் பழகிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஐபோனோடு வரும் கேமராவில் வொயிட் பேலன்ஸைக் கையால் வைக்க வழியில்லை, தனி ஆப் வேண்டும்.

அப்படியிருந்தும் சிலர் கேமராவுக்கு மாறுவதற்குக் காரணம், அது வேறு எந்த வேலையும் செய்யாது என்பதுதான். படம் எடுக்கும் நடுவில் மாமா கூப்பிட மாட்டார். நாற்பது சேலைகளை ஒரே காலையில் எடுத்தால், முதல் படத்துக்கு வைத்த அளவு நாற்பதாவது படத்திலும் அப்படியே நிற்கும். அதனால் இரண்டு பச்சைகளைப் பக்கத்தில் வைத்து, 'இது கிளிப்பச்சை, இது இலைப்பச்சை' என்று வாங்குகிறவர் ஒப்பிட முடியும். தனித்தனியாகப் படம் அழகாக இருப்பதைவிட, கடையில் பாயில் விரித்த மாதிரி எல்லாச் சேலைகளும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதுதான் வியாபாரத்துக்கு முக்கியம். பழைய கேமரா மெதுவானது, இருட்டில் பலவீனமானது, படத்தை மாற்றுவது ஒரு கூடுதல் வேலை. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. தினம் ஒரே ஒரு சேலை போடுகிறவருக்கு இந்தப் பாடு தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை.

வாங்குகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. இரவு பத்து மணிக்கு, 'நைட் லைட்' அல்லது 'ஐ கம்ஃபர்ட்' ஓடிக்கொண்டிருக்கும் திரையில் பார்த்தால் எல்லாச் சேலையும் மஞ்சள் கலந்தே தெரியும். முதலில் அதை அணையுங்கள். திரை அமைப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' ஆக்குங்கள். இன்னொரு போனிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டிலும் வேறுவேறாகத் தெரிந்தால், அனுப்பியவரைத் திட்டும் முன் இன்னும் ஒரு படம் கேளுங்கள். மாப்பிள்ளையின் சட்டைக்கும் சேலைக்கும் நிறம் பொருந்த வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கமான தேவை என்றால், படத்தை நம்பி இறங்காதீர்கள். பாவு நூலிலும் ஊடை நூலிலும் ஒரு விரல் நீளம் கவரில் போட்டு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சாயம் போடுகிறவர்கள் நிறம் ஒப்பிடுவதும் நூலை வைத்துத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சில வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், "நேர்ல இப்படித்தான் இருக்குமாண்ணா?" அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே வொயிட் பேலன்ஸில் கேமராவை வீடியோவில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து மெல்ல வாசலுக்கு நடந்து வர வேண்டும். பதினைந்து விநாடி போதும். நிலைப்படி தாண்டும்போது மயில் கழுத்து எப்படி மாறுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பல கேமராக்களில் வீடியோ ஓடும்போது வெளிச்ச அளவு தானாக மாறும், நிறம் மாறாது. அது போதும், அத்தை பார்க்க நினைத்ததும் அதைத்தான்.